விளக்கேற்றச் சொன்னவர்

யுத்த காலத்தில் சேலத்துக்கு வெளியே, சோளக்காட்டைச் சமப்படுத்திப் போட்ட அவசர இறங்குதளம் அது. ஒரே கொட்டகையில் இரண்டு சர்க்கார் நடந்தது. நான் சிவில். காற்றின் திசை பார்ப்பது, ரன்வேயில் மாடு ஏறாமல் விரட்டுவது, ஃப்ளேர் என்கிற மண்ணெண்ணெய் விளக்குகளை வரிசையாக வைத்து ஏற்றுவது என் வேலை. எப்போது ஏற்றலாம் என்று சொல்வது மிலிடரி. அதற்கு இருந்தவர் பரமத்தி வேலூர் பழனிசாமி, விமானப்படை ஒயர்லெஸ்காரர். அவரும் தன்னிஷ்டத்துக்குச் சொல்லிவிட முடியாது, பெங்களூரிலிருந்து உத்தரவு வர வேண்டும். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே விளக்கை மறைத்து வைத்திருந்த நேரம்.

ஐப்பசி மழையில், இருட்டுகிற வேளையில், கஞ்சமலைப் பக்கம் என்ஜின் சத்தம் கேட்டது. சுற்றிச் சுற்றி வந்தது. நம்முடையதா, எதிரியுடையதா தெரியவில்லை. ஒயர்லெஸ்ஸில் பதில் இல்லை. பெங்களூர் லைனும் செத்துக் கிடந்தது. சத்தம் விட்டுவிட்டு வரத் தொடங்கியதும், பெட்ரோல் தீர்கிறது என்று இருவருக்கும் புரிந்துவிட்டது.

பழனிசாமி ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார்.

"ஏத்துங்க. கேட்டா நாஞ் சொன்னேன்னு சொல்லிப்போடுங்க."

ஏற்றினேன். விமானம் சேற்றில் சறுக்கி நின்றது. நம்முடையதுதான். விமானியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

உத்தரவில்லாமல் விளக்கேற்றியதற்கு மிலிடரி விசாரணை வைத்தது. ஏற்றியது என் கைதான் என்று நானே போய்ச் சொன்னேன். சிவில்காரன் பேச்சு இங்கே எடுபடாது என்று அதிகாரி வெளியே அனுப்பிவிட்டார். எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை. பழனிசாமியைப் பர்மா எல்லைக்கு மாற்றினார்கள். அங்கே குண்டுவீச்சில் செத்துப்போனார். இன்றுவரை எனக்கு மனம் ஆறவில்லை.

அவருடைய அப்பா வெற்றிலைக் கொடிக்கால்காரர். மகன் போன பிறகு ஒரு நாள் இறங்குதளத்துக்கே வந்துவிட்டார். அன்றைக்கு நடந்ததை, பர்மாவுக்குக் கிளம்புமுன் ஊருக்குப் போனபோது மகன் அவரிடம் சொல்லியிருந்தார். என் பையன் செய்தது தப்பா என்று கேட்பாரோ என்று தவித்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது வேறு.

"ஏனுங்க சாமி, அன்னைக்கு எறங்குனவரு நல்லா இருக்காருங்களா?"

தெரியாது என்றேன். பெயர்கூடத் தெரியாது, மிலிடரி விஷயம், நான் கேட்கவில்லை என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"நல்லா இருக்கோணுமுங்க," என்று சொல்லிவிட்டு, வெயிலில் பஸ்ஸுக்கு நடந்தார்.

இப்போது விமான நிலையத்தில் டவர் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு விதிகளைச் சொல்லித்தர நிறையப் பேர் உண்டு. நான் சொல்ல இது ஒன்றுதான். சிவிலோ மிலிடரியோ, ஆபத்தில் வந்த விமானத்தை இறக்கினால், உள்ளே இருந்தவர் யார், எப்படி இருக்கிறார் என்று போய்க் கேளுங்கள். உன் வேலையைப் பார் என்பார்கள். இருந்தாலும் கேளுங்கள். அந்தப் பெரியவருக்குக் கொடுக்க என்னிடம் ஒரு பெயராவது இருந்திருக்க வேண்டும்.