அக்கா இல்லாத நாற்பது நிமிடம்

ராபர்ட் சாரின் தொண்டை கடலூரில் பிரசித்தம். பள்ளி மைதானத்தில் அவர் போடும் சத்தத்துக்கு, வெளியே பஸ்ஸில் போகிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். பெண்கள் கூடைப்பந்து அணியைப் பதினோரு வருஷமாகக் கத்தியே வளர்த்தவர் அவர். யார் ஓட வேண்டும், யார் நிற்க வேண்டும், யார் ஷூ லேஸைக் கட்ட வேண்டும், எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். கேப்டன் என்று ஒருத்தி இருப்பாள், கோப்பையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்க.

2007இல், மாவட்ட இறுதி ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தத் தொண்டை படுத்துக்கொண்டது. ஒரு மாதத்துக்குக் கத்தக் கூடாது, மீறினால் குரலே போய்விடும் என்றார் டாக்டர். ராபர்ட்டுக்கு அதைவிட வேறொரு பயம்தான் ஜாஸ்தி. தன் சத்தம் இல்லாமல் பிள்ளைகள் தோற்றால், இத்தனை வருஷமாக இவர் ஒன்றுமே கற்றுக்கொடுக்கவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

வேறு வழியில்லாமல் ஸ்ரீமதியிடம் ஆட்டத்தை ஒப்படைத்தார். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண். எதிராளி எந்தப் பக்கம் திரும்புவாள் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். குறை ஒன்றுதான், மரியாதை. மற்ற நாலு பேரும் பிளஸ் டூ. “அமராவதி அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் வரீங்களா” என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் எதிரணி பந்தைப் பறித்துக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பியிருக்கும்.

ராபர்ட் கரும்பலகையில் எழுதிப் போட்டார்: கோர்ட்டுக்குள் அக்கா கிடையாது, வாங்க போங்க கிடையாது, பேர் மட்டும்தான். அம்மாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள் என்றாள் ஸ்ரீமதி. முதல் நாள், “அமராவதி, ஓடு” என்று சொல்லிவிட்டு, பந்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் மன்னிப்புக் கேட்டாள். அமராவதியும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், “இடது பக்கம்” என்று காதில் விழுந்ததும் திரும்பினாள். பந்து நேராகக் கைக்கு வந்தது, கூடையும் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் முறைக்கவில்லை.

இறுதி ஆட்டம் சிதம்பரத்தில். ராபர்ட் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கோட்டோரம் அலைந்தார். வாய் அடங்கினாலும் கால் அடங்கவில்லை. இரண்டு முறை உள்ளேயே போய்விட்டார். இன்னொரு தடவை வந்தால் எதிரணிக்கு, தடுக்க ஆளில்லாமல் கூடையில் போடும் ஃப்ரீ த்ரோ கொடுத்துவிடுவேன் என்று நடுவர் எச்சரித்தார்.

நாற்பது நிமிட ஆட்டத்தில் கடைசி நாற்பது விநாடி. ஒரே ஒரு புள்ளி முன்னிலை. அமராவதி தப்பான இடத்தில் நிற்பதாக ராபர்ட்டுக்குப் பட்டது. கால் கோட்டை நெருங்கியது. பந்தைத் தட்டிக்கொண்டிருந்த ஸ்ரீமதி ஓரக்கண்ணால் அதைப் பார்த்துவிட்டாள்.

“ராபர்ட், உள்ள வராத. உக்காரு.”

உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் யார் யாரிடம் சொன்னது என்று உறைத்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. அமராவதி நின்றதும் சரியான இடம்தான், ஸ்ரீமதி நிறுத்திவைத்த இடம். பந்து கை மாறிக்கொண்டே இருந்தது. எதிரணிக்குக் கிடைக்கவே இல்லை. விசில் ஊதினார்கள்.

ஜெயித்த பெண் அழுதுகொண்டே ஓடிவந்தாள். “வாய் தவறிடுச்சி சார், மன்னிச்சிடுங்க சார்.”

“எதுக்கும்மா அழுவுற? கோர்ட்டுக்குள்ள நின்னுதான சொன்ன” என்றார் ராபர்ட், கரகரத்த குரலில்.

அவருக்கும் கண் கலங்கியிருந்தது. பதினோரு வருஷத்தில் தன் பிள்ளைகள் ஆடுவதை அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தது அந்த நாற்பது விநாடிதான். இவ்வளவு நன்றாக ஆடுவார்கள் என்பது அவருக்கே தெரியாது.