தாளிக்காத திராட்சை ரசம்

இன்று மதியம் பக்கத்து வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

செங்கம் ரோட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கமலா அக்கா. மாடி ரூமை வாடகைக்கு விடுகிறார். கண்டிஷன் இரண்டே: கவிச்சி கூடாது, குடி கூடாது.

இப்போது இருப்பவன் மிகேல். ஸ்பெயினின் வடக்கில், பாஸ்க் மக்களின் கடலோரக் கிராமத்துப் பையன்.

"சார், எங்க அப்பாவுக்கு இன்னிக்கு பொறந்த நாள். அக்கா ஓகே சொன்னாங்க" என்று வாசலிலேயே சிரித்தான்.

கையில் பச்சை பாட்டில். அவன் அப்பா சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயின். சாக்கோலி என்று பெயராம்.

அக்கா எப்படி ஓகே சொன்னார்? (முப்பது வருஷ நிருபர் புத்தி. உள்ளே போனேன்.)

அக்கா அடுப்படியில் கடுகு பொரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். தம்பி அவங்க ஊரு ரசம் கொண்டாந்துக்குது. காலைல நான்தான் ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். அவங்க அப்பா வெச்சதாம். ஆம்பள ரசம் வெக்கிற ஊரு, பாத்துக்கோங்க."

விஷயம் புரிந்துவிட்டது.

அதற்குள் மிகேல் பாட்டிலைத் தோளுக்கு மேலே தூக்கி, கீழே இருந்த கிண்ணத்தில் மெல்லிய தாரையாக ஊற்றினான். அவர்கள் ஊர் வழக்கம் அது. உயரத்திலிருந்து விழுந்தால்தான் நுரைக்கும். இரண்டு விரற்கடைக்கு மேல் ஊற்ற மாட்டார்கள்.

"நொர கட்டுது பாருங்க. ரசம்னா இப்பிடித்தான் வரணும். ஆனா இன்னாப்பா, இத்தினூண்டு எத்தினி பேருக்குப் பத்தும்?"

தாளிப்புக் கரண்டியோடு அக்கா கிண்ணத்தை நோக்கி வந்தார்.

நாளன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் இந்த ஊரில் வேறு ரூம் கிடைக்காது. சொன்னால் பையன் தெருவில். சொல்லாவிட்டால் அக்கா இலையில் ஒயின்.

"அக்கா, நிறுத்துங்க. அது ஒயினு."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

மிகேல் வெளுத்துப்போய் பையிலிருந்து டிக்‌ஷனரியை எடுத்துக் காட்டினான். ஒயின் என்றால் திராட்சை ரசம் என்றுதான் போட்டிருந்தது.

அக்கா இரண்டு முறை படித்தார். "இந்த புக்கு போட்டவங்க வூட்ல ரசமே வெக்க மாட்டாங்களா?"

"ரூம் காலி பண்ணட்டுமா அக்கா?"

அக்கா கரண்டியைப் பார்த்தார். கடுகு தீய்ந்திருந்தது.

"பாட்டில் வெளிய போவட்டும். அந்தக் கிண்ணமும் எனக்கு வாணாம், எடுத்துக்க. நீ உக்காந்து சாப்புடு. அப்பனுக்குப் பொறந்த நாளுன்ற, பாயசம் வெக்கிறேன்."

ஆகவே சாயங்காலம் சாக்கோலி எங்கள் மொட்டை மாடிக்குக் குடிபெயர்ந்தது.

அந்தப் பக்க மாடியில் அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தார். காயாத துணியையும் எடுத்தார்.

"எப்பிடி சார் இருக்குது?"

கேட்டதற்கு உள்ளபடி பதில் சொன்னேன். "நல்ல புளிப்பு. லேசா உப்பு. வேற ஒண்ணும் இல்லக்கா."

"அதான் தாளிக்க வந்தேன். நீங்கதான் உடல."