திங்கட்கிழமைகளை விழுங்கிய பெட்டி

அந்த அலுவலகத்தில் அவளுக்குச் சுள்ளெறும்பு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர் இல்லை. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் கடிப்பதை அவள் குறைத்துக்கொள்ளவில்லை.

கட்டட வரைபடம் போடும் அலுவலகம் அது. பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். அவற்றைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. முன்பு அந்த வேலையில் இருந்தவன் அவள் கணவன். அவனுக்குப் பிடிபடாத மெஷினை வீட்டுக்குத் தூக்கி வருவான். சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டு அவள் சரிசெய்வாள். மறுநாள் பேர் அவனுக்கு. அவன் மாரடைப்பில் போன பிறகு முதலாளி அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். இரக்கப்பட்டுக் கொடுத்தார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

எல்லாரையும்விட அதிகமாகப் பேசியவன் அவள் கொழுந்தன். அதே அலுவலகத்தில் தலைமை வரைவாளன். அண்ணன் வேலையைத் தன் மச்சினனுக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். அண்ணி குறுக்கே வந்துவிட்டாள். ஒரே வீட்டில், மாமியாரோடு அவன் குடும்பம் மாடியில், அவள் கீழே. ஆறு வருஷமாகப் படியில் எதிர்ப்பட்டாலும் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டே கடப்பார்கள்.

அலுவலகத்தின் எல்லாப் படங்களும், சனிக்கிழமை அரைநாள் தவிர, தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு பெட்டியில் நகலாகிச் சேரும். நெட்வொர்க்கில் இணைந்த பதினொரு வயதுப் பெட்டி. காகிதச் சுருள்களும் உடைந்த நாற்காலிகளும் கிடக்கும் கிடங்கறையில், வண்டு மாதிரி இரைந்துகொண்டு கிடந்தது. "இதை மாத்திடலாம் சார்" என்று அவள் வருஷத்துக்கு இரண்டு தடவை கேட்பாள். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்மா" என்பார் முதலாளி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கொழுந்தனின் கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்கவில்லை. உள்ளே டிஸ்க் செத்துப்போயிருந்தது. அதில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் படம். திங்கட்கிழமை முழுக்க நாலு பேர் சுற்றி உட்கார்ந்து திருத்தியது. வியாழக்கிழமை காலையில் ஒப்படைக்க வேண்டும்.

"அண்ணி, நேத்துப் படம் பேக்கப்ல இருக்கும்ல?"

"இருக்கும்" என்றாள், தலையைத் தூக்காமல்.

இல்லை. வெள்ளிக்கிழமை நகல் இருந்தது. அதற்கு முந்தைய வியாழன், புதன், செவ்வாய், எல்லாம் இருந்தன. திங்கட்கிழமை மட்டும் இல்லை. பின்னோக்கிப் பார்த்தாள். போன திங்களும் இல்லை. பதினாலு வாரமாக ஒரு திங்கள்கூட இல்லை. இத்தனைக்கும் அவள் திரையில் ஒவ்வொரு திங்களும் 'முடிந்தது' என்று பச்சை டிக். அந்த டிக்கை நம்பி, ஒரு தடவைகூடப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் இருந்திருக்கிறாள்.

அதற்குள் அவன் நடுக்கூடத்தில் நின்று கத்த ஆரம்பித்துவிட்டான். "ஆறு வருஷமா இங்க என்ன புடுங்கிட்டு இருக்காங்கன்னு கேளுங்க சார்! வேலை தெரிஞ்சவங்க கையில குடுத்திருந்தா இந்தக் கதி வருமா?"

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம். படம் வரலேன்னா நான் வேற ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்மா."

கிடங்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கேபிளை மாற்றினாள். பெட்டிக்குள் இருந்த நாலு டிஸ்க்குகளையும் சோதித்தாள். ஒன்று இருமிக்கொண்டிருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது. கையால் ஒரு பேக்கப் ஓட்டினாள். ஒழுங்காக வந்து உட்கார்ந்தது. அப்படியானால் திங்கட்கிழமை நகல் மட்டும் எங்கே போனது?

புதன்கிழமை காலையில் பெட்டி தானாக எழுதி வைக்கும் பதிவேட்டை வரிவரியாகப் படித்தாள். பழைய ஆவணம் படிக்கிற மாதிரி அலுப்பான வேலை. ஒரு இடத்தில் கண் நின்றது. சனிக்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு ஒரு வரி. அடுத்த வரியில் தேதி பதினொரு வருஷத்துக்கு முந்தையது.

பிளக்கைப் பிடுங்கினாள். பத்து எண்ணிவிட்டுத் திரும்பச் செருகினாள். பெட்டி எழுந்து, தான் பிறந்த வருஷத்தின் முதல் தேதியைக் காட்டியது. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மின்சாரம் நின்றால் பெட்டிக்கு நினைவு தப்பிவிடும்.

மிச்சம் தானாகப் புரிந்தது. சனிக்கிழமை யாரோ பெட்டியை நிறுத்துகிறார்கள், திங்கள் காலையில் போடுகிறார்கள். அன்று வரும் நகலுக்குப் பெட்டி பதினொரு வருஷத்துக்கு முந்தைய தேதியைப் போடுகிறது. இரவில் நெட்வொர்க்கைப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. திருத்தியதும், இரண்டு வருஷத்துக்கு மேல் பழசானதைத் தூக்கிப்போடு என்று அவளே எழுதி வைத்த கட்டளை நினைவுக்கு வருகிறது. சுடச்சுட வந்த நகல் பெட்டியின் குப்பைத் தொட்டிக்குப் போகிறது.

அந்தத் தொட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகும். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பெட்டி அணைந்து கிடக்கிறதே! திறந்தாள். பதினாலு திங்கட்கிழமைகளும் அடுக்கி வைத்தாற்போல் இருந்தன. பள்ளிக்கூடப் படம் கடைசியில். மணி பதினொன்று.

படத்தை ஒரு பென்டிரைவில் எடுத்துப் பையில் போட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கொழுந்தன், இரவல் கம்ப்யூட்டரில், மறந்துபோன அளவுகளைத் தலையைச் சொறிந்து சொறிந்து வரைந்துகொண்டிருந்தான். மதியம் சாப்பிடக்கூட எழவில்லை. அவள் தன் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட்டாள்.

நாலு மணிக்கு முதலாளி எல்லாரையும் கூட்டினார்.

"சனிக்கிழமை கடைசியா பூட்டிட்டுப் போறது யாரு?" என்று ஆரம்பித்தாள்.

சாவி கொழுந்தனின் மேசையில் கிடந்தது.

"நான்தான். அதுக்கு என்ன?"

"ஸ்விட்ச்சுக்குப் பக்கத்துல 'நிறுத்தாதீர்கள்'னு எழுதி ஒட்டியிருந்தேன்."

"ஒட்டியிருந்தீங்க. கிழிச்சேன். ஒரு ஸ்விட்ச்சத் தொட உங்க உத்தரவு வேணுமா? லீவு நாள்ல வீணா ஓடுதேன்னு நிறுத்தினேன்."

நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னாள். பதிவேட்டுத் தாள்களை முதலாளி முன்னால் வைத்தாள். சொல்லச் சொல்ல அவன் முகம் சுண்டிக்கொண்டே போனது. தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டதை ஊர்கூடிப் பார்க்கும்போது யாருக்குத்தான் சுண்டாது?

"சரி, படம்?" என்றார் முதலாளி.

பென்டிரைவை எடுத்து வைத்தாள். "இவர் நிறுத்தினதாலதான் போச்சு. இவர் நிறுத்தினதாலதான் குப்பையில பத்திரமாவும் இருந்துச்சு."

யாரோ சிரித்துவிட்டார்கள். கொழுந்தன் சிரிக்கவில்லை. "இது எப்பக் கிடைச்சுது?"

"காலையில பதினோரு மணிக்கு."

"பதினோரு மணிக்கா? நான் இங்க உசுரக் குடுத்து வரைஞ்சுக்கிட்டு இருந்தனே, பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"பார்த்தேன். நீங்க கேட்கலியே. கத்தத்தானே செஞ்சீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புதுப் பெட்டி வாங்கலாம் என்று அங்கேயே சொன்னார். அவனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவளுக்கும் ஒன்று. அவளுடையதில் 'வேண்டுமென்றே தாமதம்' என்று இருந்தது. மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் மாடி ஏறும் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். செய்தி அவளுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது.

"அவன் சாப்பிடாமப் படுத்திருக்கான். நாலு பேர் முன்னால அவனைத் தலைகுனிய வச்சிட்டியே."

"நான் ஒரு பொய்யும் சொல்லல அத்தை."

"பொய்யின்னு யாரு சொன்னா? உண்மையப் பைக்குள்ள வச்சுக்கிட்டு அஞ்சு மணி நேரம் உட்கார்ந்திருந்தியாமே. அதுக்கு என்ன பேரு?"

பூட்டைத் திறந்து உள்ளே போனாள். மாமியார் மேலே ஏறும் சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது.

புதுப் பெட்டி பத்து நாளில் வந்தது. அதை முதலாளி அறையிலேயே வைத்தாள். பச்சை டிக்கை நம்புவதை விட்டுவிட்டு, வாரம் ஒரு பழைய படத்தைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டாள். கொழுந்தன் அவளிடம் பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டான். ஏதாவது வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதி அடுத்தவர் கையில் கொடுத்தனுப்புவான். சீட்டு வந்த அந்த நிமிஷமே அவள் வேலையை முடித்துக் கொடுப்பாள், அவளும் ஒரு வார்த்தை பேசாமல்.