மாத்திரை நிறுத்திவைத்த சோதனை

2007 ஐப்பசி, அடைமழை. என் மனைவி அப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேக்கிங் வேலை பார்த்தாள். ஞாயிறு காலை வயிற்றுப்போக்கு, மாலையில் காய்ச்சல். திங்களன்று, போக்கை நிறுத்தும் மாத்திரையைப் புதுவாயல் மெடிக்கலில் வாங்கி விழுங்கிவிட்டு கம்பெனி வேனில் ஏறினாள். அந்த வேனில் போகும் பெண்கள் பலரும் அப்படித்தான். நடுவழியில் நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் கேட்க யாருக்கும் வாய் வராது.

செவ்வாயன்று காய்ச்சல் ஏறியது. டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய், "ஆன்டிபயாடிக் எழுதிக் குடுங்க மேடம்" என்றேன்.

"மலத்த டெஸ்ட் பண்ணாம எழுத மாட்டேன். கிருமி குடலைப் புண்ணாக்கியிருந்தா, வெள்ளணுக்கள் அங்க வந்து ஒரு புரதத்த விட்டுட்டுப் போகும். அது இருக்கான்னு இப்ப நம்ம லேப்லயே பாக்கலாம். இல்லன்னா உப்பு சர்க்கரைத் தண்ணியே போதும்" என்றவர், மாத்திரை விஷயம் தெரிந்ததும் அவள் பக்கம் திரும்பினார். "காய்ச்சலோட அதப் போடலாமாம்மா? கிருமிய உள்ள வெச்சுப் பூட்டிட்டியே. வயிறு உப்பினா டெஸ்டுக்குக் காத்திருக்காம ஓடி வாங்க."

மலம் பிடிக்கக் கொடுத்த சின்ன டப்பாவோடு வீடு திரும்பினோம். வரவேண்டியது வரவில்லை. காலராவின் சரித்திரத்தைப் புத்தகங்களில் படித்து ஆண்டுவாரியாகச் சொல்லக்கூடியவன் நான். அன்று வாசலுக்கும் கட்டிலுக்கும் நடப்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நடுநடுவே அவள் வயிற்றைத் தட்டிப் பார்த்தேன்.

"இன்னாயா, தவில் வாசிக்கிறியா?"

"உப்பியிருக்கான்னு பாக்கறேன்."

"உன்னப் பாத்தாதான் எனக்கு உள்ள இழுத்துக்குது. அப்பால போ."

புதன் காலையில் ஒருவழியாக வந்தது. ரெயின்கோட்டுக்குள் டப்பாவை அணைத்தபடி லேபுக்கு ஓடினேன்.

"இன்னா சார், கோழிக்குஞ்சு கொண்டாந்த மாதிரி கீது?" என்றார் லேப்காரர். அந்தப் புரதம் இருந்தால் அட்டையில் இரண்டாவது கோடு விழுமாம்; விழுகிறதா என்று அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். "மூச்சு மேல படுது சார், தள்ளி நில்லு." கோடு அழுத்தமாகவே விழுந்தது. எனக்கு அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்றே புரியவில்லை.

டாக்டரம்மா உடனே மருந்து எழுதினார். எந்தக் கிருமி என்று பார்க்க, மீதியைக் கல்ச்சருக்கு அனுப்பச் சொன்னார்.

மறுநாள் மதியம்வரை அவள் நெற்றியில் கைவைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கை ஈரமானது, வியர்த்திருந்தாள். இன்னொரு முறை வைத்தபோது பட்டென்று தட்டிவிட்டாள். சுருக்கென்று வலித்தது.

"பேஜாரு பண்ணாதயா. பசிக்குது, கஞ்சி இருக்கா?"

அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். இரண்டு தீக்குச்சி உடைந்தது.