சிவப்புக் கைப்பிடி
எங்கள் மாடியில் குடியிருந்த வெளிநாட்டுக்காரி, தன் ஊரில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு பனிமேல் சறுக்குபவள். ஒரு கோடையில், வற்றி வெள்ளையாய் வெடித்துக் கிடந்த வேங்கிக்கால் ஏரியில் அந்தப் பட்டத்தை என் இடுப்புப் பட்டையில் மாட்டிவிட்டாள்.

"காத்து ஜாஸ்தியானா சிவப்புக் கைப்பிடியை இழு. பட்டம் போய்டும், நீ இருப்ப."

மலைப்பக்கமிருந்து காற்று கிளம்பியது. கால் தரையை விட்டது. பயமே இல்லை, பஞ்சாய் மிதந்தேன்.

"விட்டுடாத! கெட்டியா புடிச்சுக்கோ!" என்று கரையிலிருந்து அண்ணன்கள் கத்தினார்கள். பட்டநூலை மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிற வம்சம். கையை அறுத்தாலும் விடுவது மானக்கேடு. நானும் விடவில்லை, பனைமரங்கள் எதிரே ஓடிவரும்வரை. பிறகு சிவப்பை இழுத்தேன். பட்டம் சுருண்டு, ஈரப்புடவைபோல் விழுந்தது.

பனியை இன்றுவரை பார்த்ததில்லை. கனவில் அதன்மேல் சறுக்கும்போது அண்ணன்கள் இன்னும் கத்துகிறார்கள். என் கை சிவப்பைத் தேடிப் போகிறது.