கீழே ரோடு காலி

என் எழுத்து கோட்டில் நிற்காது. எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்பதும் எனக்குப் பிடிபட்டதில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அனுமந்தன்பட்டியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். திராட்சைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறவன் என்பதால் மருந்து டப்பாவில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் பழக்கமில்லை. நாலு பேர் முன்னால் பேச வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வருஷம் நானும் என் அக்கா புருஷனும் அமெரிக்காவில் நடக்கும் கார் பந்தயத்தை மாசி தொடங்கி ஆவணி வரை பார்த்தோம். நம் ஊர்க் கார் போல இருக்காது அது. நாலு சக்கரமும் வெளியே நிற்கும். நடுவில் ஒரு குழிக்குள் ஆள் கால் நீட்டிப் படுத்த மாதிரி இருப்பார், தலைக்கவசம் மட்டும் தெரியும். சில ஊரில் தெருவில் ஓடுவார்கள். சில ஊரில் முட்டை வடிவத்தில் ஒரு பாதை, சுற்றிலும் சுவர், அதில் இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓடுவார்கள்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை நடப்பதை நாங்கள் திங்கட்கிழமை காலையில் மச்சானின் போனில் பார்ப்போம். யார் ஜெயித்தார் என்று முன்கூட்டித் தெரிந்துவிடக் கூடாது என்பதில் மச்சான் கறார். போனில் மேலே வரும் எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் திறப்பார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒன்று ஓடும். இதோ சிரித்துக் கையாட்டிவிட்டு ஏறுகிறாரே, இந்த ஆள் நேற்றே சுவரில் மோதியிருப்பார். அது எல்லோருக்கும் தெரியும். படத்தில் இருக்கும் அவருக்குத்தான் இன்னும் தெரியாது.

மச்சானுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அக்கா விடிந்ததும் தோட்ட வேலைக்குப் போய்விடுவாள். திங்கட்கிழமை நான் தோட்டத்துக்குத் தாமதமாகப் போவேன். அவரைக் குளிப்பாட்டி, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டு, புரட்டிப் படுக்க வைப்பது அன்று என் பொறுப்பு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூன்று வேளைச் சோறும் அக்கா வீட்டில்தான்.

அவர் ஜீப் ஓட்டியவர். கம்பம் மெட்டு வழியாகக் கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பொம்பளையாட்களைக் காலையில் ஏற்றிப்போய்ச் சாயங்காலம் இறக்கி வருவார். நான் பின்பக்கப் படியில் தொங்கிக்கொண்டு போவேன். அது தொற்றிக்கொண்டு போவதற்காக மட்டும் இல்லை, ஒரு வேலையும் உண்டு. முன் சீட்டிலேயே நாலைந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருப்பதால் டிரைவருக்கு இடப்பக்கம் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் ஜீப் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும். கீழேயிருந்து வண்டி ஏறி வந்தால் மேலேயே நின்று வழிவிட வேண்டும். அதனால் வளைவுக்கு முன்னால் பின்படி ஆள் வெளியே சாய்ந்து கீழ் ரோட்டைப் பார்ப்பான். வண்டி வந்தால் தகரத்தில் ஒரு தட்டு. ரோடு காலி என்றால் இரண்டு தட்டு. டிரைவர் திரும்பிப் பார்க்க மாட்டார், கேட்க மாட்டார். தட்டு விழுந்தால் எடுப்பார்.

நாலு வருஷத்துக்கு முன் ஓர் ஆடி மாதச் சாயங்காலம், சாரல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. நான் தலையைப் படுதாவுக்குள் விட்டிருந்தேன். அந்த வளைவில் அந்த நேரத்தில் ஒருநாளும் வண்டி வந்ததில்லை. தலையை வெளியே எடுக்காமலே கையை மட்டும் நீட்டி இரண்டு தட்டினேன்.

செங்கல் லாரி ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. மச்சான் பாறைப் பக்கம் ஒடித்தார். பொம்பளையாட்களில் சிலருக்குக் கை கால் முறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மச்சான் நசுங்கினார். பின்படியில் நின்ற எனக்கு முழங்கையில் தோல் வழன்றது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இது:

"நீ தட்டுனப்ப காலியாத்தான் இருந்துச்சு மாப்ள. நாந்தான் கண்ணாடி மங்கலா இருக்குன்னு துணிய எடுத்துத் தொடச்சேன். அந்த நேரத்துல லாரி வந்துருச்சு."

போலீசிடமும் அவர் அதையே சொன்னார். அக்காவிடமும் சொன்னார். அன்றிலிருந்து அக்கா அதை விடவே இல்லை. குழம்பில் உப்பு குறைந்தது என்று அவர் சொன்னால் போதும், "பெரிய ஆபீசரு. கண்ணாடி பளபளன்னு இருந்தாத்தான் வண்டி எடுப்பாக" என்பாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

திராட்சை பழுக்கும் காலத்தில் கிளி விரட்டத் தோட்டத்தில் தகரம் தட்டுவார்கள். எனக்கு மட்டும் அந்தத் தட்டு இரண்டிரண்டாகக் கேட்கும். எண்ணக் கூடாது என்று நினைத்தாலும் எண்ணிவிடுவேன். தகரத்தை என் கையில் கொடுத்தால் வாங்க மாட்டேன், தொண்டை கிழியக் கத்தி விரட்டுவேன். மற்றவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த நிலையில்தான் மாசியில் ஒருநாள் மச்சான், "இங்கன வா, ஒரு கூத்தக் காட்டுறேன்" என்று போனை நீட்டினார். மலை ரோட்டில் ஜீப் ஓட்டும் படங்களைப் பார்க்கப் போய், அது தானாக இந்தப் பந்தயத்தில் கொண்டுவந்து விட்டிருந்தது. ஆளுக்கொரு கார் பிடித்துக்கொண்டோம். அவர் முன்னால் ஓடும் மஞ்சள் காரை எடுத்தார். நான் கடைசிக்கு இரண்டு மூன்று இடம் முன்னால் வரும் பச்சைக் காரை எடுத்தேன்.

"ஏன் மாப்ள, பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான வாசப்படியிலயே நின்ன? முன்னால ஓடுறவன எடேன்."

"இவரும் ஓடத்தான செய்றாக மச்சான்."

"ஓடுறாக, ஓடுறாக. டீசல் தீந்த மாதிரி ஓடுறாக."

அவர் அப்படிச் சிரித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பங்குனி, சித்திரை முழுக்க எங்களுக்குத் திங்கட்கிழமை என்றால் திருவிழா. வைகாசியில் ஐந்நூறு மைல் பந்தயம் ஒன்று. அதில் ஜெயித்தவருக்கு ஒரு பாட்டில் பால் கொடுத்தார்கள். அவர் கொஞ்சம் குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார். மச்சான் போனை மார்பில் கவிழ்த்துப் போட்டுச் சிரித்தார்.

"ஆத்தாடி, உசுரோட இருக்கவனுக்குப் பால் ஊத்துறாக பாரு. நமக்கெல்லாம் செத்த மறுநாத்தான் ஊத்துவாக."

சிரித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். போர்வைக்குள் இருந்த தன் கால்களைப் பார்த்தார். "பாதிக்கு மட்டும் ஊத்தச் சொல்லலாம்" என்றார். நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனேன்.

முட்டை வடிவப் பாதையில் ஓடும்போது டிரைவரின் காதில் ஒரு குரல் பேசிக்கொண்டே இருக்கும். சில படங்களில் அது நமக்கும் கேட்கும். மச்சான் தேக்கடியில் வெள்ளைக்காரர்களை ஜீப்பில் ஏற்றியவர், ஓட்டை இங்கிலீஷ் வரும். அவர்தான் அர்த்தம் சொன்னார்.

"மேல மாடியில ஒருத்தன் நிக்கிறான் மாப்ள. டிரைவருக்குப் பக்கத்துல வர்ற காரு தெரியாதுல்ல? அவன் பாத்துச் சொல்றான். இன்சைடு, இன்சைடுங்குறான் பாரு, உள் பக்கம் காரு நிக்கிதாம். இப்பக் க்ளியர்னுட்டான். காலி." என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "உன் வேலைதான்டா. நீ தட்டுவ, அவன் பேசுறான்."

அதற்குப் பிறகு நான் கார்களைப் பார்க்கவில்லை. கண் போனில் இருக்கும், காது அந்தக் குரலுக்குக் காத்திருக்கும். ஒவ்வொரு க்ளியருக்கும் என் உள்ளங்கை அரிக்கும். தோட்டத்தில் பந்தலுக்குக் கீழே குனிந்து மருந்து அடிக்கும்போதும் யாரோ மேலே நின்று அந்தச் சொல்லைச் சொல்வது போல இருக்கும். நிமிர்ந்தால் கொடியும் இலையும்தான். ஒருநாள் மச்சானைப் புரட்டிப் போடும்போது கட்டில் சட்டம் சுவரில் இரண்டு முறை இடித்தது. நான் அவரை அப்படியே பாதியில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"என்ன மாப்ள, பிரேக் புடிச்சிட்ட?" என்றார் அவர்.

ஆடி கடைசியில் ஒரு பந்தயம். என் பச்சைக் கார் அன்று நன்றாக ஓடியது. முதல் ஐந்துக்குள் வந்துவிட்டது. மச்சான்கூட மஞ்சளை விட்டுவிட்டுப் பச்சைக்குக் குரல் கொடுத்தார். பச்சைக் காரின் உள்ளேயிருந்து படம் காட்டினார்கள். க்ளியர் என்றது குரல். கார் சுவர்ப் பக்கமாக மேலே ஏறியது. பக்கத்தில் வேறொரு கார் இருந்தது. சக்கரமும் சக்கரமும் தொட்டன, பச்சைக் கார் சுழன்று போய்ச் சுவரில் அடித்தது.

ஆள் நடந்து வெளியே வந்துவிட்டார். கையுறையைக் கழற்றித் தரையில் வீசினார். மாடியைப் பார்த்துக் கையை நீட்டி ஏதோ கத்தினார்.

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்கன என்னத்துக்குக் கத்துறான்? மேல நிக்கிறவன் பாக்காமயா சொல்லுவான்? சொன்னப்பக் காலியாத்தான் இருந்திருக்கும். இவன் ஒடனே எடுக்காம ஒரு நொடி கழிச்சுத் திருப்பிருக்கான். என்ன மாதிரி."

அந்த இடத்தைத் திரும்பவும் போட்டார். குரல் சொல்லும்போதே பக்கத்துக் காரின் மூக்கு தெரிந்தது. இன்னொரு முறை போட்டார். அப்போதும் தெரிந்தது. "படத்துல முன்னப்பின்னத் தெரியும்" என்றார். "பாக்காம எவனும் சொல்ல மாட்டான் மாப்ள."

கண்ணுக்கு நேரே இருப்பதை அவர் எனக்காக மறுத்துக்கொண்டிருந்தார். அவருக்கே அது தெரியாது.

"சொல்லுவாக மச்சான்" என்றேன். "பாக்காமயும் சொல்லுவாக."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு நான் பாக்கல. சாரல் அடிச்சுச்சுன்னு தலைய உள்ள வச்சிருந்தேன். சும்மா தட்டிட்டேன்."

போனில் கார்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அவர் கேட்டார்.

"அப்ப நான் கண்ணாடி தொடச்சது?"

"அதுல ஒண்ணுமில்ல மச்சான். நீங்க தொடைக்காம எடுத்திருந்தாலும் லாரி வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"தொடச்சதுல ஒண்ணுமில்ல" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "என்னயச் செவுத்துப் பக்கம் திருப்பிவிடு" என்றார். திருப்பிவிட்டேன்.

அடுத்த இரண்டு திங்கட்கிழமையும் போனைத் திறக்கவில்லை. நான் போனேன், குளிப்பாட்டினேன், பவுடர் போட்டேன். ஆஸ்பத்திரி ஆளிடம் உடம்பைக் கொடுப்பது போல அவர் கொடுத்தார். மாப்ள என்று கூப்பிடவில்லை. அக்கா வழக்கம்போலச் சாயங்காலம் வந்து, ஏதோ சின்னச் சண்டையில், "ஒரு கண்ணாடியத் தொடச்சு என் வாழ்க்கையவே தொடச்சுட்டாக" என்றாள். இந்த முறை அவர் தட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் சோற்றை விரலால் தள்ளிக்கொண்டிருந்தேன். "ஏலே, என்னத்துக்கு அளைஞ்சிக்கிட்டு இருக்க, சாப்பிடு" என்று அக்கா எனக்கு இன்னொரு கரண்டி போட்டாள்.

ஆவணி நடுவில், வருஷத்தின் கடைசிப் பந்தயம். "போடு" என்றார். முழுவதும் பார்த்தோம். பச்சைக் காரின் மாடியில் அதே ஆள்தான் நிற்கிறாரா, வேறு ஆளை வைத்துவிட்டார்களா என்று தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது, டிரைவர் ஒவ்வொரு முறையும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் காரைத் திருப்பினார். பதினோராவதாக வந்தார். மச்சான் போனை அணைத்தார்.

"உங்க அக்காகிட்ட நீதான் சொல்லணும்."

"நீங்க சொல்லுங்க மச்சான். எனக்கு வாய் வராது."

"நான் சொன்னா, நாலு வருசங் கழிச்சு என் தம்பி மேல பழியத் தூக்கிப் போடுறீகளான்னு கேப்பா. வாய் வராட்டி எழுதிக் குடு. அஞ்சாப்பு வரைக்கும் போனீல்ல?"

"அக்கா என்ன செய்யும் மச்சான்?"

"அவ என்ன செய்வான்னு எனக்கு எப்படித் தெரியும்? நானே இன்னும் ஒரு முடிவுக்கு வரல." பிறகு, "எழுதிக் குடுத்துட்டு எங்கயும் ஓடிப் போகாத. அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் இங்கனயே நில்லு" என்றார்.

சரி என்றேன்.

ஒருவாரமாக மத்தியானச் சோற்று நேரத்தில் தோட்டத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து எழுதினேன். நிறைய அடித்து எழுதியிருக்கிறேன். இன்று அக்கா வேலை முடிந்து வந்து கை கால் கழுவியதும் கையில் கொடுத்துவிட்டு, மச்சான் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பேன்.

புரட்டாசி மாதம் நான்காம் தேதி, சனிக்கிழமை.