ஈசானிய மூலையில் ஹெராக்ளீஸ்

கிரேக்கக் கதைகள் பொறித்த பழங்காசுகளைச் சேர்க்கிறேன் என்று சொன்னால் பெங்களூரில் இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, "ஆன்லைன்லயா?" இன்னொன்று, "ஏன், நம்ம ஊர் காசெல்லாம் தீந்துபோச்சா?" இரண்டாவது கேள்விக்கு என்னிடம் கௌரவமான பதில் ஒன்று உண்டு. கலை, நாகரிகம், அலெக்சாந்தர் வந்த வழி என்று பத்து நிமிடம் போகும். உண்மையான பதில் வேறு. சோழர் காசைப் பற்றியோ விஜயநகரக் காசைப் பற்றியோ வாயைத் திறந்தால் நம்மைத் திருத்த இந்த ஊரில் பஸ் ஸ்டாப்பில்கூட ஒருவர் நிற்பார். கிரேக்கக் காசு என்றால் எதிர்த்துப் பேச ஆளில்லை. ஐம்பது வயது தாண்டிய மனிதனுக்கு அப்படி ஓர் இடம் தேவைப்படுகிறது.

என்னிடம் பதினோரு காசுகள் இருந்தன. அவற்றில் ராஜா ஒரு வெள்ளிக்காசு. ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த அத்தீனா. மறுபக்கம் ஹெராக்ளீஸ், சிங்கத்தின் கழுத்தைக் கக்கத்தில் இடுக்கி நெரித்துக்கொண்டிருப்பான். எந்த ஆயுதமும் துளைக்காத தோல் கொண்ட சிங்கம் அது. ஆகவே வில்லையும் தடியையும் தூக்கிப் போட்டுவிட்டு வெறுங்கையால் கொன்றான் என்பது கதை. ஊறுகாய் பாட்டிலைத் திறக்க வாட்ச்மேனைக் கூப்பிடுகிற நான், எங்கள் காசு சேகரிப்பாளர் வட்டத்தில் அவனைப் பற்றி நாற்பது நிமிடம் உரையாற்றினேன். தென் இத்தாலியில் கிரேக்கர்கள் குடியேறிய ஒரு நகரம், இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள், பெரிய பெரிய படங்கள். கைதட்டினார்கள்.

அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் காசின் விளிம்பில் அந்தக் கோட்டைப் பார்த்தேன். மயிரிழை அளவு. அந்தக் காலத்தில் சூடான வெள்ளி வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்துச் சம்மட்டியால் அடித்துத்தான் இந்தக் காசுகளைச் செய்தார்கள். அப்படி அடித்ததற்கு விளிம்பைச் சுற்றிக் கோடு இருக்காது. இரண்டு பாதி அச்சைச் சேர்த்து உருக்கி ஊற்றிய நகலுக்குத்தான் இருக்கும், பிளாஸ்டிக் பொம்மையின் விலாவில் ஓடுவதுபோல. வெள்ளி என்பதில் சந்தேகமில்லை. நகைக்கடையில் உரசிப் பார்த்தாயிற்று. வயதில்தான் சந்தேகம். கோடா, வெறும் கீறலா? நல்ல லென்ஸும் ஐந்து நிமிடமும் இருந்தால் தெரிந்துவிடும். நான் இரண்டு வருடம் எடுத்துக்கொண்டேன். விளிம்பைப் பார்க்காமல் காசைப் பார்க்கும் வித்தையில் அதற்குள் தேர்ந்துவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை எங்கள் வட்டத்தின் செயலாளர் போன் செய்தார்.

"சார், இந்த சண்டே மைசூர்லேருந்து ப்ரொபசர் வர்றாரு. கிரீக் காயின்ல அவரை மிஞ்ச ஆள் கிடையாது. உங்க ஹெராக்ளீஸைக் கட்டாயம் எடுத்துட்டு வாங்க. லென்ஸோட வர்றாரு சார்!"

அந்த 'லென்ஸோட'வை அவர் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருக்க வேண்டாம். ஜுரம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சோறுதான் இறங்கவில்லை. வியாழக்கிழமை காசைப் பெட்டியிலிருந்து எடுத்து, சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். போகிற வருகிற போதெல்லாம் பார்த்துத் தைரியம் வரவழைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

மறுநாள் சந்தாபுராவில் என் மனைவியின் தங்கைக்குப் பூமி பூஜை. தர்ட்டி ஃபார்ட்டி சைட், அதாவது முப்பதுக்கு நாற்பது அடி மனை. பன்னிரண்டு வருடம் வாடகை வீடு, அதில் ஏழு வீட்டுக்காரர்கள் என்று அலைந்தவள். காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது மனைவி கதவுக்கு வெளியிலிருந்து ஏதோ கேட்டாள். "ம்ம்" என்றேன். கல்யாணம் ஆனதிலிருந்து அந்தக் கதவு வழியாக வரும் எல்லாக் கேள்விகளுக்கும் என் பதில் அதுதான்.

சைட்டின் ஈசானிய மூலையில் குழி தயாராக இருந்தது. நவதானியம் போட்டாயிற்று, பால் ஊற்றியாயிற்று. மேஸ்திரி பக்கத்தில் சிமெண்ட் கலவைச் சட்டியோடு குந்தியிருந்தார். புரோகிதர் ஓசூர்க்காரர், இதை முடித்துவிட்டு ஆனேக்கலில் இன்னொரு பூஜைக்குப் போக வேண்டியவர்.

"பத்தரைக்கு ராகு காலம். பேக பேக! வெள்ளிக்காசு எங்கம்மா? வீட்டுப் பெரியவங்க கையால போடணும்."

மாமனார் இல்லாததால் அந்தப் பதவி எனக்கு வந்து சேர்ந்தது. "மாமா, நீங்கதான், வாங்க" என்று மச்சினிச்சி கையைப் பிடித்து இழுத்தாள். மஞ்சள் தண்ணீரில் முக்கிய காசை மனைவி என் உள்ளங்கையில் வைத்தாள். அத்தீனா. வழக்கம்போல வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது..." என்றேன்.

"லட்சுமி காசு பேங்க் லாக்கர்ல மாட்டிக்கிச்சுங்க. அதான் இதை எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன், ம்ம்னீங்களே." குரலைத் தாழ்த்தினாள். "பெட்டியிலேருந்து தனியா வெளிய போட்டிருந்தீங்க, வேணாம்னு ஒதுக்கினதுன்னு நெனச்சேன். ஏன், முக்கியமானதா?"

நான் காசைத் திருப்பினேன். விளிம்பில் மஞ்சள் இறங்கியிருந்தது. கோட்டுக்குள் மட்டும், முழுச் சுற்றும், ஓரிடத்தில்கூட அறுபடாமல், தங்கக் கம்பி கட்டியதுபோல. கீறல் அப்படிச் சுற்றி வராது. இரண்டு வருடமாக நான் தள்ளிப்போட்ட சோதனையை அரைக்கரண்டி மஞ்சள் முடித்துவிட்டது.

"சாமி, ஸ்வல்ப சீக்கிரம்" என்றார் புரோகிதர்.

"என்ன மாமா? எதாச்சும் தப்பா?" என்றாள் மச்சினிச்சி. அவள் முகத்தில் ஏழு வீட்டுக்காரர்களும் ஒன்றாகத் தெரிந்தார்கள்.

"ஒண்ணும் இல்லம்மா. சுத்தமான வெள்ளி" என்று சொல்லிப் போட்டேன். அதில் ஒரு பொய்யும் கிடையாது. ஹெராக்ளீஸ் நவதானியத்தின் மேல் மல்லாந்து விழுந்தான், சிங்கத்தை விடாமல். மேஸ்திரி கலவையைக் கொட்டிக் கரண்டியால் தட்டிச் சமன் செய்தார். அந்தச் சத்தத்தில் எனக்கு வந்திருக்க வேண்டியது துக்கம். வந்தது பசி. ஷாமியானாவுக்குள் போய் இரண்டு தட்டு காராபாத்தும் ஒரு தட்டு கேசரிபாத்தும் சாப்பிட்டேன். சகலை பரிமாறியபடியே, "அண்ணனுக்கு எங்க வீடு ரொம்பப் புடிச்சுப்போச்சு" என்றார். வீடு இன்னும் கட்டவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வட்டம் ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஓர் உறுப்பினர் வீட்டு மாடியில் கூடியது. நடந்ததைச் சொன்னேன், மஞ்சளை மட்டும் விட்டுவிட்டு. அறையே துக்கம் காத்தது.

"சிமெண்ட்டா போட்டாங்க?"

"டிரில் வெச்சு மெதுவா எடுத்துட முடியாதா சார்?"

"அந்த மாதிரி இன்னொண்ணு இந்த ஊர்லயே கிடையாது!"

நேரம் ஆக ஆகக் காசின் பெருமை கூடிக்கொண்டே போயிற்று. பறிகொடுத்தவனுக்குரிய முகத்தோடு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். மைசூர் ப்ரொபசர் மட்டும் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோலார் தங்கவயலில் வளர்ந்த தமிழர், மெலிந்த மனிதர். காபி வந்ததும் என்னை பால்கனிக்கு அழைத்துப் போனார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க லெக்சர் படத்தையெல்லாம் செக்ரட்டரி எனக்கு அனுப்பியிருந்தாரு. எனக்கு அந்தக் காசு மேல..." டம்ளரைச் சுற்றினார். "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ட்ரெயின் ஏறினதிலேருந்து அதே யோசனை. நாப்பது நிமிஷம் பேசினீங்களாமே. புதைச்சுட்டேன்னு நீங்க சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. மன்னிக்கணும்."

அதிர்ச்சியடைய நல்ல சந்தர்ப்பம். முகம் அதற்குத் தயாராகவும் இருந்தது. வாய்தான் கேட்கவில்லை.

"தெரியும் சார். விளிம்புல கோடு இருக்கு. முழுசா சுத்தி வருது."

"எப்பலேருந்து தெரியும்?"

"வெள்ளிக்கிழமை பத்தே காலுக்குத் தெரியும். சந்தேகம் ரெண்டு வருஷமா."

அவர் சிரித்த சிரிப்பில் காபி சட்டையில் சிந்தியது. "அடப்பாவி மனுஷா! உங்களை நெனச்சு வழியில மத்தூர் ஸ்டேஷன்ல வடைகூடத் திங்காம வந்தேனே!"

உள்ளே போய் எல்லோரிடமும் சொன்னேன். நான் பயந்ததுபோல யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குக் கோபம்தான் வந்தது. "அப்ப எதுக்கு சார் அரை மணி நேரமா எங்களை எழவு வீட்டுல உக்கார வெச்சீங்க?" என்றார் செயலாளர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தன் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். "ப்ரொபசர் சார், இதுல எனக்கும் ஒரு சின்ன டவுட்டு..." ஐந்து நிமிடத்தில் ப்ரொபசர் முன்னால் ரேஷன் கடை மாதிரி வரிசை. ஒவ்வொருவர் கையிலும், இத்தனை நாள் யாருக்கும் காட்டாத ஒன்று.

என் முறை வந்தபோது ஒரு செப்புக்காசைக் கொடுத்தேன். காளை வடிவில் வந்த ஜீயஸ், யூரோப்பாவைக் கடத்திப் போகும் காட்சி. படித்தவர்களுக்கு அப்படி, என் மனைவிக்கு எருமை மேல் மூட்டை. அவ்வளவு தேய்மானம். ப்ரொபசர் லென்ஸை வைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெளியே ஒரு ரயில் முழுதாகக் கடந்து போயிற்று.

"இது நெஜம்" என்றார். "இவ்வளவு அசிங்கமா யாரும் போலி பண்ண மாட்டாங்க."

அதை உறையில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவரை ரயிலேற்றிவிட ஸ்டேஷன் வரை நடந்த வழியெல்லாம் என் கட்டைவிரல் அதன் விளிம்பிலேயே இருந்தது.